வீதி விதியும் தலைவிதியும்: ஒல்லாந்தர் சைக்கிள் பாதை போட்ட கதை

நெதர்லாந்தில் ஏன் எல்லாரும் சைக்கிள் ஓடுகிறார்கள் எண்டு கேட்டால் எங்கட ஆக்களிட்ட மூன்று பதில் தயாராக இருக்கும். ஒன்று, நாடு தட்டை. இரண்டு, அந்தச் சனத்துக்குச் சைக்கிள் இரத்தத்திலேயே ஊறினது. மூன்று, காசுள்ள நாடு, அதால பாதை போடுறாங்கள். லீவில் வரும் வெளிநாட்டு மாமாமாரும் இதைத்தான் சொல்வார்கள், யூரியூப் வீடியோக்களுக்குக் கீழேயும் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

தட்டை எண்டால் யாழ்ப்பாணமும் தட்டைதான். பருத்தித்துறையிலிருந்து பண்ணை வரைக்கும் வந்தாலும், ஏற்றம் எண்டு ஒரு இடத்தில இறங்கிச் சைக்கிளை உருட்டத் தேவையில்லை. ஆனால் இன்றைக்குப் பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ எட்டு வயதுப் பிள்ளையைத் தனியச் சைக்கிளில் பள்ளிக்கூடம் அனுப்ப எத்தனை பெற்றோர் துணிவார்கள்? இரத்தத்தில் ஊறினது என்ற பதிலும் நிற்காது. 1960களில் ஒல்லாந்தர் சைக்கிளை விட்டுக் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். காசும் அப்போதே இருந்தது. அந்தக் காசில் அவர்கள் போட்டது காருக்கான பெருந்தெருக்கள்.

அப்படியெண்டால் இடையில் என்ன நடந்தது? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். இது பொறியியலாளர்களின் கதை என்று நினைத்துத்தான் நானும் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கத் தெரிந்தது, இது பெரும்பாலும் பிள்ளைகளின் கதை. வீதியில் செத்த பிள்ளைகளும், அந்தச் சாவை ‘விபத்து’ என்று சொல்ல மறுத்த தாய் தகப்பன்மாரும்தான் இதில் முக்கியமானவர்கள்.

பித்தளைத் தகட்டின் காலம்

சைக்கிள் நெதர்லாந்துக்கு வந்தபோது அது பணக்காரரின் விளையாட்டுச் சாமான். 1883 இல் சைக்கிள் ஓட்டுவோருக்கான சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பெயர்ச் சுருக்கம் ஏ.என்.டபிள்யூ.பி. 1885 இல் உட்ரெக்ட் நகரத்தில் மாலிபான் என்ற மரநிழல் வீதியின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை ஒதுக்கப்பட்டது. அந்த நாட்டின் முதலாவது சைக்கிள் பாதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அதே சங்கம் மெல்ல மெல்லக் கார் வைத்திருப்போரின் சங்கமாக மாறியது. இன்றைக்கு நடுவழியில் கார் நின்றுபோனால் ஒல்லாந்தர் கூப்பிடுவது அவர்களைத்தான்.

சைக்கிள் மலிந்து தொழிலாளர் கைக்கு வந்தவுடன் அரசாங்கத்தின் கண்ணிலும் பட்டது. 1924 இல் சைக்கிள் வரி வந்தது. வருடத்துக்கு மூன்று கில்டர். கட்டியதற்கு அடையாளமாக ஒரு சின்னப் பித்தளைத் தகடு தருவார்கள், அதைச் சைக்கிளில் பூட்ட வேண்டும். வேலையில்லாதவர்களுக்குத் தகடு இலவசம். ஆனால் அதில் ஒரு ஓட்டை போட்டிருக்கும். வீதியில் போகிற எவரும் அதைப் பார்த்து, இவன் வேலை இல்லாதவன் எண்டு தெரிந்துகொள்ளலாம். அந்த வரிப்பணம் பிறகு வீதி நிதிக்குப் போனது. அதாவது சைக்கிள்காரன் கட்டின காசிலும் கார்காரனுக்கு றோட்டுப் போட்டார்கள். 1941 இல் இந்த வரியை நீக்கியது நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜேர்மனியர்.

எங்கட அப்பப்பாமாருக்கு இது புதிய கதையாக இருக்காது. அவர்கள் காலத்தில் இலங்கையிலும் சைக்கிளுக்கு உள்ளூராட்சி சபையில் லைசென்ஸ் எடுக்கவேண்டும். லைற் இல்லாமல் ஓடினால், டபிள்ஸ் போனால் பொலிஸ் மறிக்கும். இரண்டு நாட்டிலும் சைக்கிளைப் பற்றிய முதல் விதிகள் ஓட்டுபவரைக் காப்பாற்ற வந்தவை என்று சொல்ல முடியாது. அவரிடமிருந்து எதை வாங்கலாம், அவரை எங்கே மறிக்கலாம் என்பதுதான் அந்த விதிகளின் கவலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ. விதிகள் பக்கம் மாறுவதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி.

வரியை நீக்கிய அதே ஜேர்மனியர் பின்னர் சைக்கிள்களையே பறித்தார்கள். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரப்பர் ரயர் கிடைக்காமல், மரத்தால் செய்த சில்லோடும் தோட்டத்துக் குழாயைச் சுற்றிய சில்லோடும் நகரத்துச் சனம் உணவு தேடிக் கிராமங்களுக்குப் போனது. இதை வாசிக்கிறபோது எங்களுக்கு வேறொரு ஊரும் வேறொரு காலமும் ஞாபகம் வரும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கார் வந்தது, வாய்க்கால் போனது

போர் முடிந்து நாடு நிமிர்ந்ததும் சனத்திடம் காசு சேர்ந்தது. 1950களிலும் 60களிலும் கார் பெருகியது. நகரச் சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. உட்ரெக்ட் நகரில் பழைய வாய்க்காலின் ஒரு பகுதியை வற்றவைத்து அதற்குள்ளால் அகலமான கார் வீதி போட்டார்கள். (அந்த வீதியைப் பெயர்த்தெடுத்து மீண்டும் தண்ணீர் விட்டது 2020 இல்.) 1967 இல் டேவிட் யோகினன் என்ற அமெரிக்கத் திட்டமிடலாளர், அம்ஸ்டர்டாமின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளை இடித்து நகரத்தின் நடு வரைக்கும் பெருந்தெரு கொண்டுவரும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் காலத்து மனநிலைக்கு அது நல்ல சாட்சி. முன்னேற்றம் எண்டால் கார். சைக்கிள் எண்டால் கார் வாங்க வசதியில்லாதவனின் வாகனம். எங்கட ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் இந்தக் கணக்கு அப்படியே இருக்குத்தானே. பெடியன் வேலை எடுத்த பிறகும் சைக்கிளில் திரிந்தால் வீட்டாருக்குத்தான் வெட்கம்.

இதற்கு எதிரான முதற்குரல் விளையாட்டாகத்தான் வந்தது. 1965 இல் அம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் குழு, லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவரின் யோசனைப்படி, சில சைக்கிள்களுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துப் பூட்டில்லாமல் வீதியில் விட்டது. யாரும் எடுத்து ஓடலாம், போன இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். பொலிஸ் வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போனது. பூட்டாமல் சைக்கிள் விடுவது சட்டவிரோதமாம். இன்றைக்கு உலக நகரங்களில் இருக்கிற பொதுச் சைக்கிள் திட்டங்களின் மூதாதை இதுதான். ஆனால் நெதர்லாந்து வீதிகளை இந்த யோசனை மாற்றவில்லை. மாற்றியது, அடுத்து வந்த கோபம்.

‘கொலை’ என்று எழுதிய தகப்பன்

1971 இல் நெதர்லாந்தின் வீதிகளில் 3,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள். அப்போது நாட்டின் சனத்தொகையே ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்குச் சொல்கிறேன்: இலங்கையின் சனத்தொகை இரண்டு கோடிக்கு மேல். இங்கே இப்போது ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டவர்கள் வீதியில் இறக்கிறார்கள். அந்த நாளைய நெதர்லாந்து இன்றைய இலங்கையை விட மோசமாக இருந்தது.

அப்படி இறந்த பிள்ளைகளில் ஒருத்தி விக் லாங்கன்ஹொவ் என்ற பத்திரிகையாளரின் மகள். பள்ளிக்கூடம் போகிற வழியில் கார் மோதியது. காரை ஓட்டியவருக்குக் கிடைத்தது சிறிய தண்டப்பணம். தகப்பன் 1972 இல் தான் வேலைசெய்த ‘டி டைட்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பின் கருத்து: ‘பிள்ளைக் கொலையை நிறுத்து’. விபத்து, துயரச் சம்பவம், எதிர்பாராத மரணம் என்று பத்திரிகைகள் எழுதிப் பழகிய இடத்தில் அவர் ‘கொலை’ என்று எழுதினார். பெற்றோர் ஒன்றுசேர்ந்து அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயரானது.

இயக்கத்தின் முதலாவது தலைவி மார்ட்யே வான் புட்டன். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் உறுப்பினரானார். இந்த இயக்கம் செய்தவற்றைப் பட்டியல் போட்டால் போராட்டம் போலவும் இருக்கும், திருவிழா போலவும் இருக்கும். அடிக்கடி மோதல் நடக்கும் சந்திகளை மறித்து நின்றார்கள். கூட்டமாகச் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். வீதியை அடைத்துவிட்டு மேசை கதிரை போட்டு அயலட்டையோடு இருந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரதமர் யோப் டென் ஒய்லின் வீட்டு வாசலுக்குப் போய், எங்களுக்குப் பாதுகாப்பான தெரு வேண்டும் என்று பாட்டுப் பாடினார்கள். அவர் வெளியில் வந்து நின்று கேட்டார்.

பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் காத்திருக்கவும் இல்லை. அம்ஸ்டர்டாமில் டி பைப் என்ற பகுதி மிக நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பு. ஒடுங்கின தெருக்கள், இரண்டு பக்கமும் கார்கள், விளையாட ஒரு முழம் நிலமில்லை. 1972 இல் அங்கத்தைய பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவைக் காருக்கு மூடக் கோரிக் கையெழுத்துச் சேர்த்தார்கள், தடுப்புப் போட்டுத் தெருவை மறித்தார்கள். கோபத்தோடு காரைவிட்டு இறங்கி வந்த பெரியவர்களோடு வாதாடினார்கள். இதை ஒரு தொலைக்காட்சிக் குழு படமாக்கி ஒளிபரப்பியது. அந்த விவரணப்படம் இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கிறது. பத்து வயதுப் பிள்ளை கார்க்காரரைப் பார்த்து நியாயம் கேட்பதைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த ஒரு சொல்தான். ‘விபத்து’ எண்டால் அது நடந்துபோன ஒன்று. கவலைப்படலாம், கேள்வி கேட்க ஏலாது. ‘கொலை’ எண்டால் யார் செய்தது, யார் விட்டது, எப்பிடி நிறுத்துறது எண்டு கேட்கலாம். தமிழில் ‘வீதி விதி’ எண்டும் சொல்லுறம், ‘தலைவிதி’ எண்டும் சொல்லுறம். விதி எண்ட ஒரே சொல்லுக்கு இரண்டு கருத்து: மனிசர் போட்டது ஒன்று, மனிசரால் மாற்ற ஏலாதது மற்றது. பிள்ளைகள் வீதியில் சாவது இரண்டாவது வகை இல்லை, முதலாவது வகை என்று ஒரு நாட்டை நம்பவைத்ததுதான் அந்தப் பெற்றோர் செய்த வேலை.

எண்ணெய் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

இந்த நேரம் பார்த்து 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆதரவளித்த நாடுகளுக்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நெதர்லாந்தும் அதில் ஒன்று. நவம்பர் 4 ஆம் திகதி முதலாவது ‘கார் இல்லா ஞாயிறு’ வந்தது. பெருந்தெருக்களில் பிள்ளைகள் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடினார்கள், சனம் நடுவீதியில் சைக்கிள் விட்டது. தங்கள் நகரம் கார் இல்லாமல் எப்படி இருக்கும் என்பதை ஒரு முழு நாடும் சொந்தக் கண்ணால் கண்டது.

நெதர்லாந்தின் சைக்கிள் வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். எண்ணெய் தட்டுப்பட்டது, சைக்கிளுக்கு மாறினார்கள், முடிஞ்சுது. ஆனால் அந்த ஞாயிறுகள் 1974 ஜனவரியோடு நின்றுவிட்டன. எண்ணெய் திரும்ப வந்தது, காரும் திரும்ப வந்தது. மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் இதே தட்டுப்பாடும், சிலவற்றில் இதே கார் இல்லா ஞாயிறுகளும் இருந்தன. அவற்றில் பலவற்றில் சைக்கிள் பாதை முளைக்கவில்லை. நெதர்லாந்தில் தட்டுப்பாடு வந்தபோது, அதற்கு முன்னரே வீதியில் இறங்கியிருந்த பெற்றோர் இருந்தார்கள், கையில் கோரிக்கை இருந்தது. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

1975 இல் சைக்கிள் ஓட்டுவோர் தங்களுக்கென்று புதிதாகச் சங்கம் தொடங்கினார்கள். ‘முதலாவது, ஒரேயொரு, உண்மையான’ நெதர்லாந்துச் சைக்கிள் சங்கம் என்று அதற்குப் பெயர். காருக்கு மாறிப்போன பழைய சங்கத்துக்கு அடித்த பகிடி அது. அரசாங்கமும் 1970களின் நடுவில் டில்பர்க், ஹேக் ஆகிய இரண்டு நகரங்களில் பரீட்சார்த்தமாக நல்ல சைக்கிள் பாதைகளைப் போட்டது. ஹேக் நகரில் கடைக்காரர் எதிர்த்தார்கள். கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இந்த வாதத்துக்கு நாடு, மொழி, காலம் எதுவும் கிடையாது போல.

அந்தப் பரீட்சையில் ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. எவ்வளவு அழகான பாதையாக இருந்தாலும், ஒற்றைப் பாதையால் பெரிய மாற்றம் வராது. பிள்ளை வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போகவேண்டும். நடுவில் ஒரு பயங்கரமான சந்தி இருந்தால் மிச்சப் பாதை எல்லாம் வீண். எனவே 1980களில் டெல்ப்ற் நகரம் முழு ஊரையும் ஒரு வலையாகப் பார்த்தது. விட்டுப்போன துண்டுகளைத் தேடித்தேடி இணைத்தது. (எங்கட நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த ‘டெல்ப்ற்’ என்ற பெயர் இந்த ஊரின் பெயர்தான்.)

அதே டெல்ப்ற் நகரத்தில் இன்னொன்றும் பிறந்தது. ஒல்லாந்த மொழியில் அதன் பெயர் ‘வூன்எர்ப்’. நேரே சொன்னால் ‘குடியிருப்பு முற்றம்’. குடிமனைத் தெருவை ஒரு முற்றம் போல ஆக்குவது. நேராக ஓடும் தெருவை வளைத்து, மரம் நட்டு, நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள படியை எடுத்துவிட்டார்கள். கார் வரலாம், ஆனால் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரவேண்டும். பிள்ளை நடுத்தெருவில் விளையாடலாம். 1976 இல் இதற்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. 1983 இலிருந்து குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேக வலயங்களும் வந்தன. 30 இல் வரும் வாகனத்தை விட 50 இல் வரும் அதே வாகனம் மோதும்போது அதன் சக்தி ஏறத்தாழ 2.8 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தோடு சக்தி கூடும் எண்டு ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததுதான். அது ஒரு பிள்ளையின் உடம்பில் என்ன செய்யும் என்பதைத்தான் அப்போது யோசிக்கவில்லை.

விதி யார் பக்கம்?

பாதை போட்டால் மட்டும் போதாது, பாதைக்கு விதி வேண்டும். நெதர்லாந்தின் விதிகளைப் பார்த்தால் அவை எப்படி மெல்ல மெல்லப் பக்கம் மாறின என்பது தெரியும்.

வட்டமான நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் போட்டிருந்தால் சைக்கிள்காரர் அந்தப் பாதையில்தான் போகவேண்டும். மொபெட் எனப்படும் சின்ன மோட்டார் சைக்கிள்கள் முன்னர் இந்தப் பாதைகளில் ஓடின. 1999 டிசம்பரில் நகரங்களுக்குள் அவற்றைப் பிரதான வீதிக்கு அனுப்பினார்கள். குறியீடு இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்பது அங்கத்தைய பொது விதி. ஆனால் 2001 மே மாதம் வரைக்கும், மோட்டார் வாகனத்துக்கு முன்னால் சைக்கிளுக்கு அந்த உரிமை இருக்கவில்லை! அதாவது சைக்கிளின் சொர்க்கம் எண்டு சொல்லப்படுகிற நாட்டிலேயே, சந்தியில் சைக்கிளும் காரும் சமம் என்று எழுத இவ்வளவு காலம் எடுத்தது. 2019 ஜூலையிலிருந்து சைக்கிள் ஓட்டிக்கொண்டு கையில் போன் வைத்திருப்பதும் குற்றம்.

பிள்ளைகளுக்கான விதிகள் இன்னும் கவனமானவை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றினால் முதுகுக்கும் கைக்கும் காலுக்கும் தாங்கல் உள்ள இருக்கை வேண்டும். கால் கம்பிக்குள் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் பிள்ளைகள் வீதிப் பரீட்சை எழுதுகிறார்கள். 1932 இலிருந்து நடக்கிற பரீட்சை இது. எழுத்துப் பரீட்சையும் உண்டு, சொந்த ஊர் வீதியில் சைக்கிள் ஓடிக்காட்டும் செய்முறையும் உண்டு. கை காட்டித் திரும்புவது, திரும்ப முதல் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்ப்பது எல்லாம் அங்கே பாடம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பொறுப்பு பற்றிய சட்டம். காரும் சைக்கிளும் மோதினால் நட்டஈட்டுப் பொறுப்பு முதலில் கார்க்காரர் பக்கம்தான். மோதப்பட்டது 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், பிள்ளை குறுக்கே பாய்ந்தது என்று சொல்லிக் கார்க்காரர் தப்புவது மிகக் கடினம். பிள்ளை குறுக்கே பாயும், அது பிள்ளையின் இயல்பு, எனவே ஆபத்தான வாகனத்தை ஓட்டுபவர்தான் அதை எதிர்பார்த்து ஓட்டவேண்டும் என்பதே சட்டத்தின் நினைப்பு. பித்தளைத் தகட்டில் ஓட்டை போட்ட நாட்டிலிருந்து இந்த இடத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. 2023 இல் நெதர்லாந்து வீதிகளில் இறந்தவர்கள் 684 பேர், அதில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் கனபேர் வயதானவர்கள். மின்சாரச் சைக்கிளின் வேகம் புதிய தலையிடி. ஆனால் 1971 இன் 3,000க்குப் பக்கத்தில் இந்த 684 ஐ வைத்துப் பாருங்கோ. இடையில் சனத்தொகையும் கூடியிருக்கிறது, வாகனங்களும் பல மடங்கு கூடியிருக்கின்றன.

எங்கட எண்ணெய்த் தடை

இனி எங்கட கதை. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப் பொருள். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை விட்டால் குடாநாடு முழுக்கச் சைக்கிள்தான். அப்பா மிதிப்பார், பாரில் மூத்தது, கரியரில் கைக்குழந்தையோடு அம்மா. விறகும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிளில். பின்சில்லை உயர்த்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவில் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, செம்மணி நாவற்குழி வழியில் சைக்கிள் ஓட இடமில்லை. சாமானையும் பிள்ளையையும் வைத்து உருட்டிக்கொண்டுதான் போனார்கள்.

எரிபொருள் இல்லாததால் ஒரு சமூகம் முழுக்கச் சைக்கிளில் ஏறியது என்று பார்த்தால், எங்களுடைய ‘கார் இல்லா’ காலம் நெதர்லாந்தினுடையதை விட எத்தனையோ மடங்கு நீளம். அவர்களுக்கு ஒரு குளிர்காலத்து ஞாயிறுகள். எங்களுக்கு வருடக்கணக்கு. ஆனால் எங்களிடம் ஒரு அடி சைக்கிள் பாதையும் மிஞ்சவில்லை. ஏன்?

வீதியில் பிள்ளைக்கு ஆபத்து எண்டால் எங்களுக்கு அப்போது வேறு கருத்து இருந்தது. அது பொம்பர், ஷெல், சோதனைச் சாவடி. 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரையும், அவரைத் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்று புதைத்தார்கள். சாவடிக்குச் சாவடி இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த தலைமுறை அது. பிள்ளை பள்ளிக்கூடத்தால் திரும்பி வருமா எண்ட பயம் அவ்வளவு பெரிதாக இருந்த இடத்தில், வேகமாக வரும் வாகனம் ஒரு அரசியற் பிரச்சினையாகத் தெரிய வழியே இல்லை. ‘கொலை’ என்ற சொல்லுக்கு எங்கள் வீதிகளில் ஏற்கெனவே வேலை இருந்தது.

2009 க்குப் பிறகு ஏ9 திறந்தது. லீசிங் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, காபெட் வீதி வந்தது. பழைய கிடங்கு றோட்டில் 30 க்கு மேல் ஓட ஏலாது, காபெட்டில் 80 உம் ஓடலாம். சைக்கிள் போருக்கும் வறுமைக்கும் உரிய ஞாபகமாகிப்போனது. அதில் ஒரு நியாயமும் இருக்கு. தடையால் மிதித்தவர்களிடம் சைக்கிள் நல்லது எண்டு போய்ப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. பிறகு 2022 இல் முழு இலங்கையும் பெற்றோல் வரிசையில் நின்றது. கொழும்பில் அலுவலகம் போனவர்களும் சைக்கிள் தேடினார்கள், விலை ஏறியது. ஜூலையில் கியூஆர் முறை வந்து வரிசை குறைய, சைக்கிள் திரும்பவும் கொட்டிலுக்குள் போனது. 1990களும் 2022 உம் சொல்வது ஒன்றுதான்: தட்டுப்பாடு சனத்தைச் சைக்கிளில் ஏற்றும், ஆனால் தட்டுப்பாடு பாதை போடாது. பாதை வேணும் எண்டு யாரோ கேட்கவேணும்.

கேட்பதென்றால் என்ன கேட்பது?

இன்றைக்கும் எங்கள் ஊர்களில் காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் போகிறவர்கள் ஆரெண்டு பாருங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போறவை, சந்தைக்குப் போற வயதானவை. வாக்கில்லாதவர்களும் குரல் எடுபடாதவர்களும். அவர்களுக்கு வீதியில் கிடைக்கிற இடம் வெள்ளைக் கோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு சாண்.

பிள்ளையோடு ஓடுகிற பெற்றோருக்குச் சில பழக்கங்கள் இப்போதே உதவும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாடு. எனவே சோடியாகப் போகும் அகலம் இருந்தால் பிள்ளை இடப்பக்கம், பெரியவர் வாகனப் பக்கம். இல்லாவிட்டால் பிள்ளை முன்னுக்கு, பெரியவர் பின்னுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக. பின்னுக்கு இருந்தால்தான் பிள்ளை தெரியும், வருகிற வாகனத்துக்கும் உங்களைத் தெரியும். நிறுத்தியிருக்கிற வாகனத்தைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் விட்டுப் போங்கோ. சின்னப் பிள்ளையைக் கரியரில் சும்மா இருத்தாமல் கால் தாங்கலுள்ள சீற் பூட்டுங்கோ. பின்சில்லுக் கம்பிக்குள் குதிக்கால் போன கதை எங்கள் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கு. ரியூசன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைக்கு முன்னும் பின்னும் லைற் வேணும்.

ஆனால் இவ்வளவையும் செய்த பிள்ளையும் 80 இல் வரும் வானுக்கு முன்னால் பிள்ளைதான். கவனமாகப் போ எண்டு பிள்ளைக்குச் சொல்லுறதோடு நிப்பாட்டினால் திரும்பவும் தலைவிதிக்குத்தான் போறம்.

எங்களிடம் டெல்ப்ற் நகரத்துக்கு இல்லாத ஒரு வசதியும் இருக்கு: ஒழுங்கைகள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான பள்ளிக்கூடங்களுக்குப் பிரதான வீதியைத் தொடாமல், அல்லது ஓரிரு இடத்தில் மட்டும் கடந்து, ஒழுங்கைக்குள்ளாலேயே போய்விடலாம். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருந்தாலும், இந்த ஒழுங்கைகளில் பெரும்பாலானவை பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் உரியவை. எனவே கொழும்பு வரைக்கும் போகத் தேவையில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்து, பிள்ளைகள் எந்தெந்த ஒழுங்கையால் வருகிறார்கள் என்று ஒரு வரைபடம் கீறலாம். எந்த இடத்தில் பிரதான வீதியைக் கடக்கிறார்கள் என்று குறிக்கலாம். அந்த இடத்தில் வேகத்தடையும் கடவையும், அந்த ஒழுங்கைகளில் 30 வேகமும், இரவில் விளக்கும் கேட்கலாம். இதைச் செய்ய ஒரு கொப்பியும் பென்சிலும், ஒரு கிழமைக் காலை நேரங்களும் போதும். பிள்ளைகளையே கீறச் சொன்னால் இன்னும் நல்லது. வழி அவைக்குத்தான் தெரியும்.